உயிரைத் தாங்கும் நாடா: பாதுகாப்புப் பட்டை தயாரித்த குடும்பங்களின் வரலாறு குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாதுகாப்புப் பட்டை என்று இங்கே எதைக் குறிப்பிடுகிறோம்?

உயரத்தில் வேலை செய்கிறவர் தவறி விழுந்தால், தரையில் மோதுவதற்கு முன் அவரைப் பிடித்து நிறுத்துவதற்காக உடலில் அணியும் நாடாக் கட்டமைப்பையே குறிப்பிடுகிறோம். பேச்சு வழக்கில் பெல்ட், ஹார்னெஸ் என்ற இரண்டு சொற்களும் ஒன்றுக்கு மற்றொன்றாகப் புழங்குகின்றன. ஆனால் இரண்டும் வேறு. இடுப்பை மட்டும் சுற்றுவது பெல்ட். தோள், மார்பு, தொடை எல்லாவற்றையும் சேர்த்துப் பிடிப்பது முழு உடல் ஹார்னெஸ். பெல்ட்டின் இடத்துக்கு ஹார்னெஸ் வந்து சேர ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு ஆனது. இதைத் தயாரித்த குடும்பங்கள் அந்தக் காலத்தில் எதைக் காப்பாற்றின, எதைக் கைவிட்டன என்பதே கீழே வரும் கேள்விகளின் மையம்.

இந்தத் தொழில் பெரும்பாலும் குடும்பப் பட்டறைகளில் தொடங்கியது ஏன்?

தொடக்கத்தில் இது தனித் தொழிலாகவே இருக்கவில்லை. அமெரிக்காவில் 1844-இல் சாமுவேல் மோர்ஸின் தந்தி வழித்தடம் வாஷிங்டனையும் பால்டிமோரையும் இணைத்தது. அதன்பின் சில பத்தாண்டுகளில் தந்திக் கம்பங்களும், பிறகு தொலைபேசி, மின்சாரக் கம்பங்களும் நாடெங்கும் நடப்பட்டன. கம்பம் ஏறுகிறவருக்குக் காலில் கட்டிக்கொள்ளும் இரும்பு முள்ளும், கம்பியை வெட்டும் குறடும், இடுப்புக்கு ஒரு தோல் பட்டையும், கம்பத்தைச் சுற்றிப் போட ஒரு வாரும் தேவைப்பட்டன. முள்ளையும் குறட்டையும் கொல்லர் அடித்துக் கொடுத்தார். பட்டையையும் வாரையும் குதிரைச் சேணம் தைக்கிறவர் தைத்துக் கொடுத்தார். ஹார்னெஸ் என்ற ஆங்கிலச் சொல்லே குதிரைக்குப் பூட்டும் சேண வார்களைக் குறித்ததுதான். கொல்லுத் தொழிலும் சேணத் தொழிலும் தந்தையிடமிருந்து பிள்ளைகளுக்குக் கைமாறி வந்தவை என்பதால், அவற்றிலிருந்து பிறந்த இந்தத் தொழிலும் குடும்பங்களின் கையிலேயே வளர்ந்தது.

இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு சிகாகோவின் கிளைன் குடும்பம். ஜெர்மனியிலிருந்து குடியேறிய மத்தியாஸ் கிளைன் 1857-இல் அங்கே ஒரு பட்டறை வைத்திருந்தார். தந்திக் கம்பத் தொழிலாளி ஒருவர் பாதி உடைந்த குறடு ஒன்றை அவரிடம் கொண்டுவந்தார். கிளைன் உடைந்த பாதியைப் புதிதாக அடித்து, பழைய பாதியோடு பொருத்திக் கொடுத்தார். சில காலம் கழித்து அந்தப் பழைய பாதியும் உடைந்துபோக, அதற்கும் புதிய பாதி அடிக்கப்பட்டது; அப்படித்தான் முதல் முழுக் கிளைன் குறடு உருவானதாக அந்த நிறுவனம் தன் வரலாற்றைச் சொல்கிறது. பிள்ளைகள் சேர்ந்தபின் மத்தியாஸ் கிளைன் அண்ட் சன்ஸ் என்ற பெயரில் குறடுகளோடு கம்பம் ஏறும் முட்கள், பட்டைகள், வார்கள் ஆகியவற்றையும் விற்றது. நிறுவனம் இன்றும் அந்தக் குடும்பத்திடமே இருக்கிறது. பொருள் எங்கே உடைந்தது என்று உடைத்தவரே நேரில் வந்து காட்டியதும், செய்தவரே அதைத் திருத்தியதும் இந்தக் கதையில் முக்கியமானவை என்று கருதுகிறேன். பிற்காலத்துச் சோதனைக்கூடங்கள் எல்லாம் அந்த நேரடித் தொடர்பை வேறு வழியில் மீட்டெடுக்க முயன்றவைதான்.

தொடக்ககாலத் தோல் பட்டை, விழுகிறவரைப் பிடிப்பதற்காகவா செய்யப்பட்டது?

இல்லை. இந்தத் தொழிலின் வரலாற்றில் பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் இதுவே. கம்பத் தொழிலாளி இரண்டு கைகளையும் வேலைக்குப் பயன்படுத்த வேண்டுமானால், பின்னுக்குச் சாய்ந்து வாரின் மேல் தன் எடையைக் கொடுத்து நிற்க வேண்டும். பட்டையின் வேலை அவரை அந்த நிலையில் நிறுத்திவைப்பது மட்டுமே. இன்று இதைப் பணிநிலைத் தாங்கல் என்கிறோம்; வீழ்ச்சியைத் தடுப்பது வேறு வேலை. தளர்வே இல்லாத வாரில் சாய்ந்து நிற்கும்போது பட்டையின் மேல் வரும் விசை, மனிதரின் எடையை ஒட்டியதாகவே இருக்கும். அந்த வேலைக்கு நல்ல தோலும் நல்ல தையலும் போதுமானவையாக இருந்தன.

சிக்கல் தொடங்கியது கட்டுமானத் துறையில். வானளாவிய கட்டடங்களும் பாலங்களும் எழுந்தபோது, அதே இடுப்புப் பட்டையில் ஒரு கயிற்றைக் கட்டி, கயிற்றின் மறுமுனையை உத்தரத்தில் கட்டிக்கொண்டு தொழிலாளர்கள் நடந்தார்கள். நிறுத்திவைக்கச் செய்த பொருள், எந்த மாற்றமும் இல்லாமல், பிடித்து நிறுத்தும் பொருளாக ஆக்கப்பட்டது.

இடுப்புப் பட்டையால் விழுகிறவரைக் காப்பாற்ற முடியாதா?

தரையில் மோதாமல் தடுக்கும். ஆனால் தடுக்கும் விதமே ஆளைக் கொன்றுவிடக்கூடும். 100 கிலோ எடையுள்ள ஒருவர் (கருவிகளையும் சேர்த்து) 2 மீட்டர் விழுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த 2 மீட்டரைக் கடக்க அவருக்கு ஒரு நொடியில் மூன்றில் இரண்டு பங்கு நேரம்கூட ஆகாது. அதன் முடிவில் அவருடைய வேகம் மணிக்கு ஏறத்தாழ 22 கிலோமீட்டர். சற்றும் நீளாத கயிறு அவரை 10 சென்டிமீட்டருக்குள் நிறுத்திவிட்டால், சராசரி விசை 20 கிலோநியூட்டனைத் தாண்டும். அதாவது இரண்டு டன் எடை அந்தக் கணத்தில் அவர்மேல் தொங்குவதற்குச் சமம். அதே வீழ்ச்சியை 1 மீட்டர் தூரத்துக்கு இழுத்து மெல்ல நிறுத்தினால், விசை ஏறத்தாழ 3 கிலோநியூட்டனாகக் குறைகிறது. விழுகிறவர் பிழைப்பதும் பிழைக்காததும் நிறுத்தும் தூரத்தைப் பொறுத்தது.

அந்த விசை எங்கே விழுகிறது என்பது அடுத்த கேள்வி. இடுப்புப் பட்டையில் முழு விசையும் வயிற்றைச் சுற்றிய ஒரு கோட்டில் விழுகிறது. கல்லீரல், மண்ணீரல், முதுகெலும்பின் கீழ்ப்பகுதி ஆகியவை அங்கேதான் இருக்கின்றன. தலைகீழாக விழுந்தவரின் இடுப்பிலிருந்து பட்டை நழுவிவிடவும் கூடும். நழுவாவிட்டால் மார்புக்கூட்டுக்கு ஏறி மூச்சை அடைக்கும். முழு உடல் ஹார்னெஸ் இந்த விசையைத் தொடைகள், இடுப்பெலும்பு, மார்பு, தோள் என்று பிரித்துக் கொடுக்கிறது. அதில் பெரும்பங்கு தொடை நாடாக்கள் வழியாக உடலின் வலுவான எலும்புகளுக்குப் போகிறது. அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு அமைப்பான ஓஷா, கட்டுமானத் துறைக்கு 1994-இல் வெளியிட்ட விதியில் நிறுத்தும் விசையின் உச்சவரம்பை இடுப்புப் பட்டைக்கு 4 கிலோநியூட்டன் என்றும் முழு உடல் ஹார்னெஸுக்கு 8 கிலோநியூட்டன் என்றும் இருவேறாக வைத்ததிலேயே இந்த வேறுபாடு தெரிகிறது.

தோலிலிருந்து நைலானுக்கு மாறியது குடும்பப் பட்டறைகளை எப்படிப் பாதித்தது?

இந்த வரலாற்றின் பெரிய முறிவு இங்கேதான் நேர்ந்தது. தோலைத் தேர்ந்தெடுப்பது பல ஆண்டுகள் பழகிய கையின் வேலை. விலங்கின் முதுகுப் பகுதித் தோல் வலுவானது, வயிற்றுப் பகுதித் தோல் இளகி நீளக்கூடியது என்பதையும், எந்தப் பதனிடல் மழையைத் தாங்கும் என்பதையும் தொட்டுப் பார்த்தே சொல்லும் அறிவு அந்தக் குடும்பங்களின் சொத்தாக இருந்தது. ஆனால் தோல் உள்ளிருந்து நலியும் பொருள். வியர்வையும் வெயிலும் எண்ணெய் வற்றுவதும் சேர்ந்து அதைப் பலவீனமாக்கினாலும் வெளித்தோற்றம் பெரிதாக மாறுவதில்லை. ஊசித் துளைகளை ஒட்டி அது கிழியத் தொடங்கும்போது காலம் கடந்திருக்கும்.

டூபாண்ட் நிறுவனத்தில் வாலஸ் கரோதர்ஸ் 1935-இல் நைலானை உருவாக்கினார். இரண்டாம் உலகப் போரில் அது வான்குடைத் துணியாகவும் நாடாவாகவும் பெருமளவில் பயன்பட்டது. காற்றில் வேகமாக விழும் ஒரு மனித உடலை, தோள் முதல் தொடை வரை நாடாக்களால் சுற்றி, நொடிப்பொழுதில் வேகம் குறைக்க முடியும் என்பதை வான்குடை வீரர்களின் ஹார்னெஸ் ஏற்கெனவே காட்டியிருந்தது. போருக்குப் பின் அந்த நாடாவும் அந்த வடிவமும் தொழிற்சாலைப் பாதுகாப்புக்கு வந்தன. 1941-இல் இங்கிலாந்தில் வின்ஃபீல்டும் டிக்சனும் கண்டுபிடித்த பாலியெஸ்டர் இழையும் பின்னாளில் சேர்ந்துகொண்டது.

நைலான் அதிகம் நீளும், ஆகவே அதிர்ச்சியை ஓரளவு தானே உள்வாங்கும்; ஆனால் நனைந்தால் வலிமையில் ஒரு பகுதியை இழக்கும், அமிலத்துக்கு எளிதில் இரையாகும். பாலியெஸ்டர் குறைவாக நீளும், ஈரத்தைப் பெரிதாகப் பொருட்படுத்தாது. ஆனால் வலுவான காரத்துக்குத் தாங்காது. இரண்டையுமே சூரியனின் புற ஊதாக் கதிர் நாளடைவில் நலிவடையச் செய்யும். சேணப் பட்டறையில் வளர்ந்தவர்கள் இவை அனைத்தையும் புதிதாகக் கற்க வேண்டியிருந்தது. முன்பு சொன்ன 1994 விதி, விசையைத் தாங்கும் நாடாக்களும் கயிறுகளும் செயற்கை இழையால்தான் ஆக வேண்டும் என்று எழுத்திலேயே வைத்தது. வீழ்ச்சித் தடுப்பில் தோலின் காலம் அத்துடன் சட்டப்படியும் முடிந்தது.

மலையேற்றக் கருவிகள் செய்த குடும்பங்களுக்கு இதில் பங்கு உண்டா?

பெரிய பங்கு உண்டு. தொழிற்சாலை உலகம் இடுப்புப் பட்டையோடு நின்றிருந்தபோது, கயிற்றில் தொங்குவது எப்படி என்பதை மலையேறிகளும் குகை ஆய்வாளர்களும் தங்கள் உடலிலேயே கற்றுக்கொண்டிருந்தார்கள்.

இத்தாலியின் பிரேமானா, கத்தியும் கத்தரிக்கோலும் அடிக்கும் கொல்லர்களின் மலையூர். அங்கே நிக்கோலா கொதேகா 1889-இல் தொடங்கிய பட்டறை, அவருடைய மகன் அந்தோனியோ காலத்தில், 1920-இல், இத்தாலிய மலைப் படைக்குப் பனிக்கோடரி செய்யும் பணியைப் பெற்றது. அதுவே பின்னர் காம்ப் என்ற நிறுவனமாகி, மலையேற்றத்துக்கும் உயரப் பணிக்கும் ஹார்னெஸ் தயாரிக்கும் அளவுக்கு வளர்ந்தது; தலைமுறைகள் கடந்தும் அது அதே குடும்பத்தின் கையில் உள்ளது. இரும்பிலிருந்து நாடாவுக்கு வந்த பாதை இது.

பிரான்ஸின் ஃபெர்னான் பெட்சல் வந்த வழி வேறு. குகை ஆய்வாளரான அவர், பியேர் ஷெவாலியேயுடன் கிரெனோபிள் அருகிலுள்ள டாந்த் த க்ரோல் குகைகளில் இறங்கியவர். தமக்கும் தோழர்களுக்கும் தேவையான கருவிகளைத் தாமே செய்துகொண்டார். அந்தப் பட்டறையிலிருந்து, மகன்கள் பால், பியேர் ஆகியோருடன் சேர்ந்து, 1975-இல் பெட்சல் நிறுவனம் உருவானது. கயிற்றில் மணிக்கணக்கில் தொங்கியே வேலை செய்யும் இன்றைய கயிற்றுவழிப் பணிமுறை, குகை ஆய்வாளர்களின் நுட்பங்களிலிருந்து கிளைத்ததுதான். தாம் செய்ததைத் தாமே அணிந்து இருட்டில் இறங்கியவர் தொடங்கிய நிறுவனம் என்பதால், எனக்கு இந்தக் குடும்பத்தின்மேல் தனி மதிப்பு உண்டு.

குடும்பம் அல்ல, நண்பர்கள் தொடங்கியது என்றாலும் இங்கிலாந்தின் ட்ரோல் நிறுவனத்தை விட்டுவிட முடியாது. 1970-இல் அன்னபூர்ணாவின் தெற்கு முகப்பில் ஏறிய குழுவுக்காக, மலையேறி டான் வில்லன்ஸின் யோசனையை வைத்து அவர்கள் தைத்த இருக்கை வடிவ ஹார்னெஸ், பின்னர் மலையேறிகளிடையே பரவலாகப் புழங்கியது.

முழு உடல் ஹார்னெஸ் எப்போது கட்டாயமானது? சிறு நிறுவனங்கள் அதை எப்படி எதிர்கொண்டன?

அமெரிக்கக் கட்டுமானத் துறையில், 1998 ஜனவரி 1 முதல் வீழ்ச்சியைத் தடுக்க இடுப்புப் பட்டையைப் பயன்படுத்தக் கூடாது என்று ஓஷா விதித்தது. பணிநிலைத் தாங்கலுக்கு மட்டும் அது தொடர்ந்து அனுமதிக்கப்பட்டது. ஐரோப்பாவில் 1989-ஆம் ஆண்டின் தனிநபர் பாதுகாப்புச் சாதன ஆணை, உயரத்திலிருந்து விழுவதைத் தடுக்கும் கருவிகளை வெளி அமைப்பு ஒன்றின் சான்று இல்லாமல் விற்க முடியாதபடி செய்தது. முழு உடல் ஹார்னெஸுக்கு இ.என். 361 என்ற தரநிலை வந்தது.

பல தலைமுறைகளாக ஒரு பொருளைச் செய்து பெயர் வாங்கிய குடும்பத்திடம், அந்தப் பொருளை இந்த வேலைக்கு இனி விற்காதே என்று சட்டம் சொல்கிறது. தாத்தா வடிவமைத்த பட்டையின் மேல் பேரன் தன் கையாலேயே "வீழ்ச்சித் தடுப்புக்கு அன்று" என்று அச்சிட வேண்டியிருந்தது. இதை நிறுவனங்களின் தோல்வி என்று யாரும் எண்ண வேண்டாம். தன் பொருளின் எல்லையை வெளிப்படையாக ஒப்புக்கொள்வதே இந்தத் தொழிலில் ஒரு குடும்பப் பெயர் தரக்கூடிய உண்மையான உத்தரவாதம்.

கொக்கிகள் ஏன் மாற்றப்பட்டன?

கயிற்றை, உடலில் அணிந்த பட்டையின் டி வடிவ வளையத்தோடு இணைப்பது கொக்கி. பழைய கொக்கியில் ஒரு விரலால் அழுத்தினால் திறந்துகொள்ளும் நாக்கு மட்டுமே இருந்தது. கயிறு முறுக்கிக்கொள்ளும்போது அந்த வளையம் புரண்டு அந்த நாக்கின் மேலேயே அழுத்தினால், கொக்கி தானாகத் திறந்து வளையம் வெளியேறிவிடும். எதுவும் உடையாமலே ஆள் விழுந்துவிடுவார். இதனால் இரண்டு தனித்தனி அசைவுகள் இல்லாமல் திறக்காத பூட்டுக் கொக்கிகள், அதே 1998 ஜனவரி 1 முதல் கட்டாயமாயின. கொக்கியும் வளையமும் குறைந்தது 22.2 கிலோநியூட்டன் தாங்க வேண்டும். அதோடு 16 கிலோநியூட்டன் விசையில் விரிசலோ நிரந்தர வளைவோ இல்லாமல் தேறியிருக்க வேண்டும் என்பதும் விதி.

இயந்திரங்கள் வந்தபின் குடும்பத்துக்கே உரிய கைத்தேர்ச்சி என்று எதுவும் மிஞ்சியிருக்கிறதா?

தையலில் மிஞ்சியிருக்கிறது. ஹார்னெஸில் நாடா அறுந்துபோவது அரிது. நாடாவும் நாடாவும் சேரும் இடத்தையே முதலில் சந்தேகிக்க வேண்டும். ஒரு தையலில் எத்தனை வரிகள், ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் எத்தனை குத்துகள் என்பதை இன்று கணினி இயக்கும் இயந்திரம் பிழையில்லாமல் போடுகிறது. ஆனால் குத்துகள் அதிகமானால் வலிமை கூடும் என்று நினைப்பது தவறு. ஓர் அளவுக்கு மேல் ஊசியே நாடாவின் இழைகளை வெட்டத் தொடங்கிவிடும். நூலின் இழுவிசை மிகுந்தால் விசை வரும்போது வெளி வரிசை முதலில் அறும். குறைந்தால் நூல் வெளியே துருத்தி உராய்ந்து தேயும். மழுங்கிய ஊசியின் ஒலியைக் கேட்டே இயந்திரத்தை நிறுத்துகிறவர்கள் இந்தத் தொழிலில் இருக்கிறார்கள். அந்தக் காது பக்கத்தில் நின்று பழகினால்தான் வரும்.

நூலின் நிறம் பற்றியும் அடிக்கடி கேட்கிறார்கள். நாடாவின் நிறத்துக்கு மாறான நிறத்தில் நூல் இருப்பது அழகுக்காக அன்று. அறுந்த ஒரு தையல் கண்ணில் பட வேண்டும் என்பதற்காகத் தரநிலையே அப்படிக் கேட்கிறது. கம்பத் தொழிலாளர்களின் வாரில் நடு அடுக்கை வேறு நிறத்தில் வைத்து, மேல் அடுக்கு தேய்ந்தவுடன் அந்த நிறம் வெளியே தெரியும்படி செய்வதும் இதே நோக்கத்துக்குத்தான்.

விற்பனைக்கு வரும் ஒவ்வொரு ஹார்னெஸும் விழவைத்துச் சோதிக்கப்படுகிறதா?

இல்லை, அப்படிச் சோதித்ததை விற்க முடியாது. மாதிரிகளையே சோதிக்கிறார்கள். இ.என். 361-இன்படி, 100 கிலோ எடையுள்ள பொம்மை உடலுக்கு ஹார்னெஸை அணிவித்து, 4 மீட்டர் தடையின்றி விழவிடுகிறார்கள். கால் கீழாக ஒரு முறை, தலை கீழாக ஒரு முறை. பொம்மை வெளியே நழுவாமல், தலை மேலாகத் தொங்கி நிற்க வேண்டும். நிலை விசைச் சோதனையில் 15 கிலோநியூட்டன் விசையை 3 நிமிடங்கள் தாங்க வேண்டும். சோதிக்கப்பட்ட மாதிரிக்கும் கடையில் தொங்கும் பொருளுக்கும் இடையே உள்ள தூரத்தை நிரப்புவது பதிவேடு: எந்த நாடாச் சுருள், எந்த நூல், எந்த நாள், எந்த இயந்திரம் என்பது வரிசை எண்ணோடு எழுதப்பட்டிருக்க வேண்டும். அந்த எண்ணைத் தாங்கிய சிறு துணி அட்டையை உறுத்துகிறது என்று வெட்டி எறிகிறவர்கள், குறை கண்டறியப்பட்டுப் பொருள் திரும்பப் பெறப்படும்போது தங்கள் ஹார்னெஸ் அதில் அடங்குமா என்று அறியும் ஒரே வழியை இழந்துவிடுகிறார்கள்.

பிடித்து நிறுத்தப்பட்டவர் பிழைத்துவிட்டார் என்று கொள்ளலாமா?

கொள்ளக் கூடாது. அசையாமல் தொங்குகிறவரின் கால்களில் இரத்தம் தேங்கி, மூளைக்குப் போகும் இரத்தம் குறையத் தொடங்கும். மயங்கியவர் விரைவில் இறக்கப்படாவிட்டால் உயிருக்கே ஆபத்து. கால் ஊன்றிக்கொள்ளும் மடிப்பு வார்களைச் சில தயாரிப்பாளர்கள் ஹார்னெஸிலேயே வைப்பது இதனால்தான். ஆனால் மீட்புத் திட்டம் இல்லாத இடத்தில் எந்த ஹார்னெஸும் போதாது.

பெண்களுக்கும் சிறிய உடலமைப்பு உள்ளவர்களுக்கும் பொருந்தும் ஹார்னெஸ் ஏன் தாமதமாக வந்தது?

ஆண் தொழிலாளியின் உடலையே அளவாக வைத்து வடிவமைத்ததால். பொருந்தாத ஹார்னெஸில் மார்பு நாடா கழுத்துக்கு ஏறும், தொடை நாடா நழுவும். அமெரிக்கக் கட்டுமானத் துறையில், பாதுகாப்புச் சாதனம் ஒவ்வொருவருக்கும் சரியாகப் பொருந்த வேண்டும் என்பது வெளிப்படையான விதியாக நடைமுறைக்கு வந்ததே 2025 ஜனவரியில்தான். இவ்வளவு தாமதத்துக்குத் தயாரிப்பாளர்களும் பொறுப்பேற்க வேண்டும்.

குடும்ப நிறுவனங்கள் பல பெரிய நிறுவனங்களிடம் போனது ஏன்?

சான்றிதழ், சோதனைக் கோபுரம், வழக்குக்கான காப்பீடு ஆகிய மூன்றின் செலவும் விற்பனை குறைவு என்பதற்காக அதே அளவுக்குக் குறைவதில்லை. ஆண்டுக்குச் சில ஆயிரம் பட்டைகள் விற்பவரால் அதைத் தாங்குவது கடினம். சிறு நிறுவனங்கள் ஒன்றாகத் திரண்டு பெரிய நிறுவனங்களாயின. அவற்றையும் இன்னும் பெரியவை வாங்கின. 2015-இல் த்ரீ-எம் நிறுவனம், டி.பி.ஐ.-சாலா என்ற புகழ்பெற்ற பெயரை வைத்திருந்த கேப்பிட்டல் சேஃப்டியை 250 கோடி டாலர் மதிப்பில் வாங்கியது. பெரிய நிறுவனத்தின் ஹார்னெஸ் தரத்தில் தாழ்ந்தது என்று சொல்ல எந்த அடிப்படையும் இல்லை. ஆனால் தைத்தவரும் உரிமையாளரும் ஒரே கூரையின் கீழ் இருந்த காலத்தில், குறையைச் சொல்ல வந்த தொழிலாளி நேராக யாரிடம் போக வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

வீட்டில் தாத்தா காலத்துத் தோல் பட்டை ஒன்று நல்ல நிலையில் இருக்கிறது. அணியலாமா?

அணியக் கூடாது, நினைவுப் பொருளாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு முறை வீழ்ச்சியைத் தாங்கிய ஹார்னெஸும், எவ்வளவு புதியதாகத் தோன்றினாலும், அதே நிலையில் உள்ளதுதான். உள் இழைகளும் தையலும் எவ்வளவு இழுபட்டிருக்கின்றன என்பதை வெளியிலிருந்து பார்த்து அறிய முடியாது. கழிக்கும்போது அப்படியே குப்பையில் போட்டால், வேறொருவர் எடுத்து அணியக்கூடும். ஆகவே தோள் நாடாக்களையும் தொடை நாடாக்களையும் குறுக்காக வெட்டி, மீண்டும் சேர்த்துத் தைக்க முடியாத துண்டுகளாக்கி, வரிசை எண்ணைப் பதிவேட்டில் அடித்துவிட்டு, அதன்பிறகே எறியுங்கள்.